பின் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டும்போது மடிப்பு ஏன் விழுகிறது?

ஆறு மாதமாகக் கார்களுக்கு சன் ஃபிலிம் ஒட்டுவதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். பக்கக் கண்ணாடிகள் சுத்தமாக வந்துவிடுகின்றன. பின் கண்ணாடி மட்டும் கைக்கு அடங்கவில்லை. கீழ் விளிம்பில் நான்கைந்து மடிப்பு, டிஃபாகர் (கண்ணாடியைச் சூடாக்கிப் பனி மூட்டத்தைப் போக்கும்) கோடுகளை ஒட்டித் தூசி, ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. உள்ளே ஒட்டிய பிறகு ஹீட் கன்னால் (சூடான காற்றை வீசும் கருவி) சூடு காட்டியும் மடிப்பு போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. மடிப்பை உள்ளே வைத்துச் சரிசெய்யப் பார்க்கிறீர்கள். பின் கண்ணாடியின் வேலையில் முக்கால் பங்கு காருக்கு வெளியே, கண்ணாடியின் வெளிப்புறத்தில், ஃபிலிமின் பசைப் பக்கத்தை மூடிய தாளை உரிப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். உள்ளே போவது, முடிந்த வேலையை இடம் மாற்றி வைப்பதற்கு மட்டும்தான்.

நான் 2004-இல் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் உதவியாளாகச் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் பின் கண்ணாடியைத் தொடவே மாஸ்டர் விடவில்லை. அப்போது கோபம் வந்தது. பிறகு புரிந்தது.

முதலில் மடிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பாதித் தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் ஒரு செய்தித்தாளைப் போர்த்துங்கள். உச்சியில் தாள் படியும். விளிம்புக்கு வரவரப் புடவைக் கொசுவம் போல மடிப்பு நிற்கும். தாள் தட்டை, மூடி குவிவு. விளிம்பில் தேவைக்கு மேல் தாள் இருக்கிறது. பக்கக் கண்ணாடியும் வளைந்ததுதான், ஆனால் பெரும்பாலும் ஒரு திசையில் மட்டும் வளைந்தது. தட்டைத் தாள் அதில் படிந்துவிடும். பின் கண்ணாடி மேலிருந்து கீழாகவும் வளைகிறது, இடமிருந்து வலமாகவும் வளைகிறது. ஆம்னி வேன் போன்ற சில வண்டிகளில் பின் கண்ணாடி கிட்டத்தட்டத் தட்டை என்பதால் தொல்லை இல்லை. சரிந்த பின்புறம் கொண்ட செடான்களில்தான் கை நடுங்கும்.

விளிம்பில் மிஞ்சும் அந்த ஃபிலிமை வெட்டி எறிய முடியாது. அதைச் சுருக்கத்தான் வேண்டும். ஃபிலிம் என்பது பாலியெஸ்டர். தயாரிக்கும்போதே சூட்டில் இழுத்து நீட்டப்பட்டது. மறுபடி சூடு பட்டால் இழுபட்ட திசையில் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். நாம் சுருக்குவது இந்தக் குணத்தை நம்பித்தான். ஆனால் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று உண்டு: காரில் ஒட்டும் பெரும்பாலான ஃபிலிம்கள் ரோல் அவிழும் நீளவாக்கில்தான் நன்றாகச் சுருங்கும், ரோலின் அகலவாக்கில் மிகக் குறைவாகவே சுருங்கும். மடிப்பு மேலிருந்து கீழாக நின்றால், அதைக் கரைக்க ஃபிலிம் இடமிருந்து வலமாகச் சுருங்க வேண்டும். ஆகவே ரோலின் நீளம் கண்ணாடியின் குறுக்கே ஓடும்படி ஃபிலிமை விரிக்க வேண்டும். மிச்சம் பிடிப்பதற்காகத் துண்டைத் திருப்பிப் போட்டால், எத்தனை சூடு காட்டினாலும் அந்த மடிப்பு அசையாது. கடைசியில் ஒடிந்து வெள்ளைத் தழும்பாக நிற்கும்.

உங்கள் ஃபிலிம் எந்தத் திசையில் சுருங்குகிறது என்பதில் யாருடைய பேச்சையும் நம்ப வேண்டாம், என் பேச்சையும் சேர்த்து. புது ரோல் வாங்கியதும் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, ரோலின் நீளவாக்கில் மார்க்கரால் ஓர் அம்புக்குறி போட்டு, சூடு காட்டிப் பாருங்கள். சதுரம் எந்தப் பக்கம் குறுகுகிறது, எத்தனை விநாடியில் குறுகுகிறது, எப்போது கருகத் தொடங்குகிறது, எல்லாம் அந்தச் சிறு துண்டே சொல்லிவிடும். நானோ செராமிக் ஃபிலிம் கொஞ்சம் விறைப்பானது, மெதுவாக அடங்கும். சாதாரணச் சாய ஃபிலிம் சீக்கிரம் அடங்கும், சீக்கிரம் கருகவும் செய்யும்.

இனி வேலைக்கு வருவோம். கண்ணாடியின் வெளிப்புறத்தை நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். குழந்தைகளுக்குப் போடும் டால்கம் பவுடரைத் துணியில் தொட்டுக் கண்ணாடி முழுவதும் லேசாகத் தேயுங்கள். உலர்ந்த ஃபிலிம் அதன் மேல் வழுக்கி நகரும். சுருங்கும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முரண்டாது. பிறகு ஃபிலிமைப் போடுங்கள். உரிக்கும் தாள் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். இதில் குழப்பம் வந்தால் முழுத் துண்டும் வீண்.

அடுத்தது தண்ணீர்க் கோடு. ஃபிலிமைத் தூக்கி, கண்ணாடியின் நடுவில் குறுக்காக ஒரு விரற்கடை அகலத்துக்குத் தண்ணீர் தடவுங்கள். இடது, வலது ஓரங்களிலும் மேலிருந்து கீழாக அப்படியே தடவுங்கள். ஆங்கில எச் எழுத்தைப் படுக்காமல் நிற்க வைத்தது போல வரும். ஃபிலிமை அதன் மேல் அழுத்தினால் நடுவும் இரு ஓரங்களும் பிடித்துக்கொள்ளும். மிஞ்சிய ஃபிலிம் எல்லாம் மேல் பாதியிலும் கீழ்ப் பாதியிலும் நேராக நிற்கும் மடிப்புகளாகச் சேரும். மடிப்பு இப்படி நீங்கள் சொன்ன இடத்தில் நிற்பதுதான் பாதி வெற்றி. கண்ட இடத்தில் சாய்ந்து நிற்கும் மடிப்போடு மல்லுக்கட்டாதீர்கள். ஃபிலிமைத் தூக்கி மறுபடி படுக்க வையுங்கள்.

ஒரே ஒரு மடிப்பை அருகிலிருந்து பார்ப்போம். நடுக்கோட்டில் அது நூல் போலத் தொடங்குகிறது. கீழே போகப் போக அகலமாகி, விளிம்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் கூரை போல நிற்கிறது. இதை அப்படியே சுடக் கூடாது. விளிம்பில் நடுவில் ஒரு விரலால் அமுக்கி இரண்டாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாக்குங்கள். பெரிய மடிப்பு ஒன்றைவிடச் சிறிய மடிப்பு நான்கு எளிதில் கரையும். பிறகு ஹீட் கன். நான் 350 டிகிரி அளவில் வைத்து, ஒரு சாண் தூரத்தில் பிடிப்பேன். நூல் முனையில் தொடங்கி, மடிப்பின் குறுக்கே இடமும் வலமுமாக வீசிக்கொண்டே விளிம்புக்கு இறங்குவேன். கை நிற்கவே கூடாது. முதல் இரண்டு மூன்று வீச்சில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். இங்கேதான் எல்லோரும் பொறுமை இழந்து கன்னை அருகில் கொண்டுபோகிறார்கள். பொறுங்கள். கூரையின் மேலிருந்த பளபளப்பு லேசாக நெளியும். பிறகு கூரை தானாகத் தாழ்ந்து, மூச்சு விட்டது போல அடங்கும். அடங்கிய அந்தக் கணத்தில் சூட்டை எடுத்துவிட்டு, கையுறை போட்ட உள்ளங்கையாலோ துணி சுற்றிய அட்டையாலோ மெல்லத் தடவிவிடுங்கள். அதற்கு மேல் ஒரு விநாடி சூடு பட்டாலும் அப்பளம் பொரிவது போல ஃபிலிம் பொங்கிவிடும். பொங்கியது திரும்பாது.

ஒரு எச்சரிக்கை. பின் கண்ணாடி உறுதியூட்டப்பட்டது. உடைந்தால் விரிசல் விடாது, கல்கண்டு போலச் சிதறும். ஒரே இடத்தில் சூடு ஏற்றுவது, சுட்ட இடத்தில் உடனே குளிர்ந்த தண்ணீர் தெளிப்பது, உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் வேலையைத் தொடங்குவது, இவை மூன்றும் கண்ணாடியை உடைக்கக்கூடும். கல் பட்டுச் சிறு வடு விழுந்த கண்ணாடி என்றால் வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

மடிப்பு எல்லாம் அடங்கிவிட்டது என்று தோன்றும்போது நீங்கள் உள்ளே போய்விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேதான் தவறு. கண்ணுக்கு மடிப்பு மறைந்தாலும் ஃபிலிமில் ஒரு தொளதொளப்பு மிச்சம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஃபிலிமைத் தூக்கிப் பவுடரைக் கழுவி, கண்ணாடி முழுவதும் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை மறுபடி போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் ஸ்கிராப்பரால் தண்ணீரைத் தள்ளுங்கள். உண்மையாக ஒட்டுவது போலவே தள்ள வேண்டும். எங்கே ஃபிலிம் கொஞ்சம் எழும்பி நிற்கிறதோ, எங்கே தண்ணீர் மறுபடி வந்து தேங்குகிறதோ, அங்கே சுருக்கம் போதவில்லை. அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சூடு காட்டித் தட்டிவிடுங்கள். வெளியே ஈரத்தில் படியாத ஃபிலிம் உள்ளேயும் படியாது. உள்ளே பசையோடு இருக்கும் ஃபிலிமைச் சுருக்கப் போனால் மடிப்பின் இரு சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிறகு கடவுளாலும் பிரிக்க முடியாது.

இந்தச் சோதனையோடு விளிம்பு வெட்டும் வேலையையும் முடித்துவிடலாம். காருக்குள் ஒரு விளக்கை வைத்தால், கண்ணாடியின் ஓரத்தில் சுற்றிலும் அச்சிட்டிருக்கும் கறுப்புப் பட்டையின் எல்லை தெளிவாகத் தெரியும். புது பிளேடு, லேசான அழுத்தம். பட்டையின் உள் ஓரத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளைத் தாண்டிக் கெட்டிக் கறுப்பு வரை ஃபிலிம் ஏறி நிற்கும்படி வெட்டுங்கள். எக்காரணம் கொண்டும் உள்ளே ஒட்டிய பிறகு பிளேடால் சுற்றி வெட்டாதீர்கள். அங்கே டிஃபாகர் கோடுகள் இருக்கின்றன.

வெட்டியதும் உள்ளே ஓடிவிட வேண்டாம். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் தனியாகச் செய்த மூன்றாவதோ நான்காவதோ பின் கண்ணாடி, ஒரு வெள்ளை செடான். வெளியே தாமரை இலை போலப் படிந்திருந்தது. ஒரு சுருக்கமும் இல்லை. உள்ளே ஒட்டினால் கீழ் மூலைகள் இரண்டிலும் மடிப்பு. அரை மணி நேரம் வியர்க்க வியர்க்கப் போராடினேன். வண்டிக்காரர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் வந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஃபிலிம் ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். சுருக்கிய ஃபிலிம் இனி தட்டைத் தாள் இல்லை. அது அந்தக் கண்ணாடியின் அச்சு. ஒவ்வொரு குழிவும் அதன் இடத்தில் உட்கார்ந்தால்தான் படியும். கொஞ்சம் நகர்ந்தாலும் நீங்கள் கரைத்த மடிப்பெல்லாம் திரும்பி வரும். அன்றிலிருந்து, வெளியே படிந்த ஃபிலிமை எடுப்பதற்கு முன், மேல் விளிம்பின் நடுவில் ஃபிலிமின் உரிதாளில் ஒரு சிறு மாஸ்க்கிங் டேப்பும், அதே நேரில் கண்ணாடியில் வெளியிலிருந்து ஒரு டேப்பும் ஒட்டிவிடுகிறேன். உரிதாளை எடுக்கும்போது அதன் டேப்பும் போய்விடும் என்பதால், அந்த இடத்தில் ஃபிலிமின் மறுபக்க விளிம்பில் மார்க்கரால் ஒரு புள்ளி. உள்ளே போனதும் புள்ளியும் டேப்பும் சேர்கின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்கிராப்பரைத் தொடுவேன்.

தூசியைப் பற்றிக் கேட்டீர்கள். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையின் துணி, கூரைத் துணி, உங்கள் சட்டை, மின்விசிறி, இந்த நான்கிலிருந்துதான் பெரும்பாலும் வரும். பலகையின் மேல் முதலில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் கனமான டர்க்கித் துண்டு. ஒலிபெருக்கி இருந்தால் இரண்டு மடங்கு கவனம். தண்ணீர் இறங்கினால் செலவு உங்கள் தலையில். நடுவில் இருக்கும் பிரேக் விளக்கைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். வேலைக்கு முன் விசிறியை நிறுத்துங்கள். வண்டியைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளியுங்கள். நம் பாட்டிமார் வாசல் தெளித்ததும் புழுதி அடங்கத்தானே? உள்ளே காற்றிலும் ஸ்பிரேயால் நான்கு முறை பனி போலத் தூவினால் மிதக்கும் நூல்கள் இறங்கிவிடும்.

கண்ணாடியின் உட்புறத்தை மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். டிஃபாகர் கோடுகள் கண்ணாடியில் அச்சிட்டுச் சுடப்பட்ட வெள்ளிப் பூச்சு. அவற்றின் குறுக்கே பிளேடு போட்டால் கோடு அறுந்து அந்த வரி வேலை செய்யாது. மென்மையான வெள்ளை ஸ்கிரப் பேடால், கோடுகள் ஓடும் திசையிலேயே தேயுங்கள். கோட்டின் இரு ஓரங்களிலும் அழுக்கு ஒண்டிக்கொள்ளும். உங்களுக்குக் கோட்டை ஒட்டித் தூசி நிற்பது இதனால்தான். மூன்று முறை கழுவுங்கள். மூன்றாவது முறை கீழே வழியும் தண்ணீரை வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் போதும். பழைய ஃபிலிம் ஊதா நிறமாகி ஒட்டிக் கிடந்தால் நீராவி காட்டி மெதுவாக உரியுங்கள். இழுத்துப் பிடுங்கினால் பசையோடு வெள்ளிக் கோடும் வந்துவிடும்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். சென்னையில் பல இடங்களில் ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. அது காய்ந்தால் ஃபிலிமுக்கு அடியில் வெள்ளைப் புள்ளி நிற்கும். நீங்கள் அதைத் தூசி என்று நினைப்பீர்கள். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு லிட்டருக்குக் குழந்தைகள் ஷாம்பு அரை டீஸ்பூன் போதும். ஷாம்பு கூடினால் ஃபிலிம் வழுக்கிக்கொண்டே இருக்கும், பசை பிடிக்கத் தாமதமாகும். குறைந்தால் தொட்ட இடத்திலேயே கவ்விக்கொள்ளும்.

உள்ளே கொண்டுபோகும்போது ஆரம்பத்தில் இரண்டு பேர் வேண்டும். உரிதாளை உரிக்க உரிக்க நிலைமின்சாரம் தூசியை இழுக்கும். ஒருவர் உரிக்க, மற்றவர் பசைப் பக்கத்தில் விடாமல் தெளிக்க வேண்டும். முழுவதும் உரித்து எடுத்துப்போனால் கூரையில் ஒட்டி நாசமாகும். மேல் பாதியை மட்டும் உரித்து, உரிதாளோடு சுருட்டி உள்ளே எடுத்துப்போய், மேல் பாதியைக் குறி பார்த்து வைத்துவிட்டு, கீழ்ப் பாதியின் தாளைக் கண்ணாடியிலேயே வைத்து உரியுங்கள். பின் இருக்கையில் பின்னோக்கி மண்டியிட்டு, உடலைத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஸ்கிராப்பரின் முதல் இழுப்பு நடுக்கோட்டில், வெளியே தண்ணீர்க் கோடு போட்டீர்களே அதே இடத்தில், நடுவிலிருந்து இடமும் வலமும். பிறகு மேல் பாதி. கடைசியாகக் கீழ். கீழ் விளிம்பில்தான் கழுவிய அழுக்கெல்லாம் தங்கும். கடைசி இழுப்புக்கு முன் அட்டையில் காகிதத் துணி சுற்றி அந்த ஓரத்தை உறிஞ்சி எடுங்கள்.

ஓர வெள்ளைக் கோடு உங்கள் தவறு இல்லை. கறுப்புப் புள்ளிகள் கண்ணாடியின் மேல் மயிரிழை அளவுக்கு மேடாக நிற்பவை. ஃபிலிம் மேட்டில் ஏறும்போது புள்ளிகளுக்கு நடுவே காற்று தங்கி வெளுப்பாகத் தெரிகிறது. ஒட்டிய அன்று ஒரு முறையும், சில மணி நேரம் கழித்து ஒரு முறையும் கெட்டியான அட்டையால் அழுத்தித் தேய்த்தால் பெருமளவு குறையும். முழுவதும் போகாத வண்டிகளும் உண்டு. இதை வேலைக்கு முன்பே வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். முன்னால் சொன்னால் தகவல், பின்னால் சொன்னால் சாக்கு.

ஒட்டிய பிறகு மங்கலாகத் தெரியும் நீர்க்கொப்புளங்கள் வெயில் காலத்தில் சில நாட்களில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். காயும்வரை டிஃபாகரைப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

எந்த ஃபிலிம் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அபராதம் கட்டுவது நம்மை நம்பி வந்தவர். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆவது விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை ஊடுருவ விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்தபோது எங்கள் சாலையே அடங்கிப்போனது. என்னோடு வேலை பார்த்த பலர் தொழிலை விட்டார்கள். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், தர நிர்ணயத்துக்கு உட்பட்ட ஃபிலிமோடு கூடிய கண்ணாடிக்கு இடம் கொடுத்தது. அதே அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் விதிக்கக் கூடாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 70 என்பது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த அளவு. கண்ணாடி தனியாக 80 சதவீதம் விட்டு, நீங்கள் ஒட்டும் ஃபிலிம் 85 என்றால், இரண்டையும் பெருக்கினால் 68தான் வரும். ஃபிலிம் 90 என்றால் 72. ஆகவே பின் கண்ணாடிக்குக் கிட்டத்தட்ட நிறமே இல்லாத செராமிக் ஃபிலிம்தான் பொருந்தும். மீட்டர் வைத்து அளந்துவிட்டு ஒட்டுங்கள். உலோகப் பூச்சுள்ள ஃபிலிமை, ஆன்டெனாவைப் பின் கண்ணாடியிலேயே அச்சிட்ட வண்டிகளில் ஒட்ட வேண்டாம், ரேடியோ கரகரக்கும்.

கை தேற ஒரே வழி, காசு கொடுத்தவரின் வண்டியில் பழகாமல் இருப்பது. சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகளில் செடானின் பின் கண்ணாடி ஒன்றைப் பேரம் பேசி வாங்குங்கள். வண்டியில் இருக்கும் அதே சரிவில் ஒரு சட்டத்தில் நிறுத்துங்கள். மிச்சத் துண்டுகளால் முதல் பத்து நாள் சுருக்க மட்டும் செய்யுங்கள். உரிக்கவோ ஒட்டவோ வேண்டாம். ஈரத்தில் படியும் சோதனையில் தொடர்ந்து ஐந்து முறை தேறிய பிறகு உள்ளே ஒட்டிப் பாருங்கள்.

அதன் பிறகும் மடிப்பு விழுந்தால், உள்ளே ஒட்டுவதற்கு முன் வெளியே ஈரத்தில் படிந்திருந்த நிலையில் ஒரு படமும், ஒட்டிய பின் ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் சூடு போதவில்லை, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று சொல்லிவிடுவேன்.